பைத்தானின் ஹாஷ்லிப்: தமிழ்ச் சரங்களுக்கு எதுவரை துணை வரும்?

ஒரு சரத்துக்கு (எழுத்துத் தொடருக்கு) எஸ்எச்ஏ-256 முறையில் ஹாஷ், அதாவது தரவின் கைரேகை போன்ற நிலையான நீளக் குறி, கணக்கிட, பைத்தான் நிரல்மொழியில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. 2006-இல் வெளியான 2.5 பதிப்பிலிருந்தே ஹாஷ்லிப் என்னும் தொகுதி மொழியுடன் சேர்ந்து வருகிறது. பழைய ஹாஷ் முறையான எம்டி5 முதல் 3.6 பதிப்பில் இடம்பெற்ற எஸ்எச்ஏ-3, பிளேக்2 வரை பெரும்பாலும் ஒரே விதமாகவே அழைக்கலாம். (பைத்தானுக்குள்ளேயே இருக்கும் ஹாஷ் என்ற செயற்கூறை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, சரங்களுக்கு அது தரும் எண், நிரலை மீண்டும் ஓட்டினால் இயல்பாகவே மாறிவிடும்.)

சரத்தை அப்படியே கொடுத்தால், முதலில் பைட்டுகளாக மாற்றித் தரும்படி கூறி ஹாஷ்லிப் மறுத்துவிடுகிறது. புதிதாக வருவோருக்கு இது எரிச்சலூட்டினாலும், இத்தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்: ஹாஷ் கணக்கிடப்படுவது எழுத்துகளுக்கு அன்று, பைட்டுகளுக்கே என்பதால், யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் ஒரு குறிமுறை) என்று நாமே எழுதிக் காட்டிவிட்டால், மற்றொரு கணினி வேறொரு குறிமுறையை எடுத்துக்கொண்டு வேறொரு விடையைத் தரும் வம்பு தொடக்கத்திலேயே ஒழிகிறது.

ஆனால் அந்தக் கண்டிப்பு அத்துடன் நின்றுவிடுகிறது. ‘கோ’ என்பதைக் ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம். ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்-8-இல் முன்னது 6 பைட்டு, பின்னது 9 பைட்டு. ஆகவே, ஹாஷை ஒப்பிட்டு இரட்டைப் பதிவுகளை நீக்கும் நிரல், ஒரே கோமதியை இரண்டு ஆட்களாகக் கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது. யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் கொண்டு முதலில் என்எஃப்சி என்னும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவுக்கு மாற்றினால் இது தீரும். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியையும் ளகரத்தையும் தட்டி வைத்திருந்தால், அதை என்எஃப்சியும் சரிசெய்யாது.

எனக்குள்ள மனக்குறை வேறொன்று. எம்டி5-இல் மோதல்கள் (இரு வேறு தரவுகளுக்கு ஒரே ஹாஷ் வருவது) 2004-இலேயே காட்டப்பட்டன. எஸ்எச்ஏ-1-க்கும் 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் சேர்ந்து அதைச் செய்துகாட்டின. இருந்தும், அவற்றை அழைக்கும்போது ஹாஷ்லிப் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் விடை தருகிறது. கடவுச்சொல்லை வெறும் எஸ்எச்ஏ-256 கொண்டு சேமிப்பதையும் அது தடுப்பதில்லை. அந்த வேலைக்கென வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி அமைக்கப்பட்ட பிபிகேடிஎஃப்2, எஸ்கிரிப்ட் இரண்டும் இதே தொகுதியில்தான் இருக்கின்றன. உப்பும் (கடவுச்சொல்லுடன் சேர்க்கும் தற்செயல் பைட்டுகள்) எவ்வளவு கடினமாகக் கணக்கிட வேண்டும் என்ற அளவும் கேட்கும் அவற்றை நாமாகத் தேடிப் போக வேண்டும்.