'கிஃப்ட்' என்ற சொல்லும் எட்டிமான்லைன் அகராதியும்: ஒரு மதிப்பீடு

ஒரு சொற்பிறப்பு அகராதியின் தரத்தை அறிய, பல மொழிகளில் ஒரே வடிவில் வாழ்ந்தும் பொருளால் பிரிந்துபோன சொல் ஒன்றை அதில் தேடிப் பார்ப்பது நல்ல வழி. அமெரிக்கரான டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கி, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் எட்டிமான்லைன் அகராதியை 'கிஃப்ட்' என்ற சொல்லைக் கொண்டு சோதித்தேன். இச்சொல் ஆங்கிலத்தில் பரிசையும் ஜெர்மனில் நஞ்சையும் குறிக்கிறது. ஸ்வீடிஷ், டேனிஷ் மொழிகளில் நஞ்சுக்கும் இதுவே பெயர், மணமானவரைச் சுட்டும் அடைமொழியும் இதுவே.

ஆங்கில வரலாற்றை அகராதி செறிவாகச் சொல்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச்சொல் மணத்தின்போது தரப்படும் பொருளை மட்டுமே குறித்தது என்றும், இன்றைய 'பரிசு' என்ற பொருள் 13ஆம் நூற்றாண்டளவில் ஸ்காண்டிநேவியர் வழியாக வந்தது என்றும் அறிகிறோம். பழைய ஆங்கில வடிவமே தொடர்ந்திருந்தால் சொல்லின் முதலெழுத்து இன்று யகரமாக ஒலித்திருக்கும். ஸ்காண்டிநேவியரின் பண்டைய மொழியான பழைய நார்ஸில் இச்சொல்லுக்குக் கொடை, நற்பேறு என இரு பொருள்களும் உண்டு என்ற குறிப்பு என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. பெண் கொடுப்பதையும் நல்லூழையும் 'கொடுப்பினை' என்ற ஒரே சொல்லால் வழங்கும் நமக்கு அதில் வியக்க ஒன்றுமில்லைதான்.

நஞ்சு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை அந்தப் பதிவில் இல்லை. 'பாய்சன்' என்ற பதிவுக்குப் போகச் சொல்கிறது. அங்கே சென்றால் இரட்டிப்புப் பயன். கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் தருதல். அதுவே மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்துக்கும் பெயராயிற்று. அதன் தாக்கத்தாலும், கொடியதை இடக்கரடக்கலாகச் சொல்லும் வழக்கத்தாலும் ஜெர்மானிய மொழிகளில் 'கொடுக்கப்பட்டது' நஞ்சாகியிருக்கலாம் என்பது விளக்கம். 'பாய்சன்' என்பதும் லத்தீனில் வெறும் பானத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததே. ஜெர்மனில் பழைய பொருள் முற்றிலும் அழியவில்லை. மணமகள் கொண்டுவரும் சீரை 'மிட்கிஃப்ட்' என்கிறார்கள்.

ஊகித்து மீட்டுருவாக்கிய வேர்ச்சொற்களுக்கு முன் உடுக்குறி (*) இடுவது இந்த அகராதி பின்பற்றும் நல்ல மரபு. அக்குறியின் பொருள் தெரியாதவர் அவற்றையும் ஏட்டில் கண்ட சொற்களாகக் கருதிவிடக் கூடும்.

எனினும் இது ஆங்கிலச் சொற்களுக்கான அகராதி. பிற மொழிகள் துணைச்சான்றுகளாகவே வருகின்றன. எல்லா மொழிகளையும் அருகருகே காணப் பன்மொழி இணைய அகராதியான விக்சனரியே வசதியானது, ஆனால் ஜெர்மன் பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்குவதால் ஜெர்மன் சொல்லுக்கு அங்கே தனிப் பக்கம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஜெர்மன் படிக்கத் தெரிந்தவருக்கு, வொல்ஃப்காங் ஃபைஃபரின் சொற்பிறப்பு அகராதியை உள்ளடக்கிய டிடபிள்யுடிஎஸ் (DWDS) என்ற ஜெர்மன் அகராதித் தளம் இவ்விரண்டையும்விட ஆழமானது. ஆங்கிலச் சொல்லின் கதை மட்டும் வேண்டுவோருக்கு எட்டிமான்லைனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு பதிவோடு நிறுத்தாமல், அது சுட்டும் அடுத்த பதிவையும் திறந்து படிக்க வேண்டும்.