டால்கோ கிராப் ஆப்பிள்: கனடாவோட வின்னிபெக் குளிர்ல பல வருஷம் வளர்த்த அனுபவம்

மைனஸ் 40 வரைக்கும் போற ஊர்ல என்ன பழமரம் வைக்கலாம்னு யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது டால்கோ தான், சின்னப் பழம் காய்க்குற கிராப் ஆப்பிள் வகைல ஒரு ரகம். எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்குது, வாங்குறப்போ இடுப்பு உயரம் கூட இல்ல, இப்போ கூரையத் தாண்டிருச்சு, இத்தனை விண்டர்லயும் குளிரால ஒரு கிளை பட்டுப்போனதில்ல.

ரொம்பப் பழைய ரகம். அமெரிக்காவோட சவுத் டகோட்டால நீல்ஸ் ஹான்சன்னு ஒரு தோட்டக்கலை புரொஃபசர், குளிர் தாங்குற செடிகளைத் தேடி 1897ல ரஷ்யா போனார், அங்கேர்ந்து வந்ததுதான் இது, 1917ல வெளியிட்டாங்க.

மே மாசம் மரம் முழுக்க வெள்ளைப் பூ, வாசனையும் உண்டு, தேனீ மொய்க்கும். ஆப்பிள் மரம் பெரும்பாலும் தன் மகரந்தத்துல காய்க்காது, பக்கத்துல வேற ரகம் வேணும், அந்த வேலைய இது அருமையா செய்யும். பக்கத்து வீட்டு ஆப்பிள் நல்லா காய்க்குறதுல எங்க மரத்துக்கும் பங்கு இருக்குன்னு நான் நம்புறேன்.

பழம் ஆகஸ்ட் கடைசில பழுக்கும். நல்ல ரத்தச் சிவப்பு, ஒன்றரை இஞ்ச் வரும், கொத்தா விக்குற செங்காய் பேரீச்சை மாதிரி நீளவாக்கு. புளிப்பு தூக்கலா இருக்கும், முழுசா பழுத்துட்டா சாறு நிறைய, அப்படியே கடிச்சும் திங்கலாம். ஆனா இதோட உண்மையான பவர் ஜெல்லில தான். ஜெல்லிய உறைய வைக்குற பெக்டின் தானாவே நிறைய இருக்கு, கடைல பவுடர் வாங்கவே வேணாம். பழத்தை நறுக்கி மூழ்குற அளவு தண்ணி விட்டு வேகவச்சு, துணில கட்டி ராத்திரி பூரா சொட்ட விடுங்க, பிழியாதீங்க, பிழிஞ்சா கலங்கிரும், அப்புறம் ஒரு கப் சாறுக்கு முக்கால் கப் சர்க்கரை போட்டு கொதிக்க விட்டா கண்ணாடி மாதிரி சிவப்பா உறையும். நாங்க பாதிப் பழத்தை தொக்கு போடுவோம், மாங்காய்க்குள்ள பக்குவமே தான், நல்லெண்ணெய் வெந்தயம் பெருங்காயம் எல்லாம், தயிர் சாதத்துக்கு அவ்ளோ நல்லா இருக்கும்.

கஷ்டமும் இருக்கு. பழுத்தா மரத்துல நிக்காது, கொட்டிரும், கொட்டினா குளவி வரும், அதனால நடைபாதை கார் நிறுத்துற இடம் பக்கம் வைக்கவே கூடாது. பறிச்ச பழமும் சீக்கிரம் தொளதொளன்னு ஆயிரும், அந்த வாரத்துலயே வேலைய முடிச்சாகணும். பனி மேல சிவப்புப் பழம் தொங்கணும்னு ஆசைப்பட்டா அதுக்குன்னு இருக்குற பொடிப்பழ அலங்கார ரகத்தை வாங்குங்க, இது சமையக்கட்டுக்கான மரம். சின்ன கன்னா இருக்கும்போது குளிர்காலத்துல முயல் பட்டையச் சுத்தி கடிச்சிரும், கம்பி வலை கண்டிப்பா வேணும், பனி ஏறுற உயரத்தையும் சேத்துக் கணக்குப் பண்ணி வைங்க. இடமும் தாராளமா கேக்கும்.

விதை போட்டா வருமான்னு கேக்குறாங்க. மரம் வரும், ஆனா அது டால்கோவா இருக்காது. குளிர் நல்லா தாங்குறதால இதோட விதை நாத்துல மத்த ஆப்பிளை ஒட்டு கட்டுறாங்க, அதுக்கு பிரமாதம். இந்தப் பழமே வேணும்னா நர்சரில ஒட்டுக்கன்னு வாங்குங்க, ஒட்டுக்குக் கீழ துளிர் வந்தா உடனே வெட்டி விட்டுருங்க.