ஸ்கேன் போதுமா, ஃபார்மட் அடிக்கணுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். பில் புக் டிசைனை அச்சகத்துக்குக் கொண்டுபோய் வந்த பென்டிரைவைச் செருகினேன். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக நின்றது, வைரஸ். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக அணைந்து கிடந்தது, திரும்பப் போட்டாலும் நிற்கவில்லை. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் யோசிக்கவே உட்கார்ந்தேன். அன்றைக்குத் தேதி 17. 20க்குள் ஜிஎஸ்டி 3பி, அதாவது மாத வரிக் கணக்கு, போட்டாக வேண்டும்.

ஸ்கேன் எளிது, காசில்லை. சாதாரண ஸ்கேனைவிட டிஃபெண்டரிலேயே இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேன் மேல். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவதால் ஒளிந்துகொள்ள இடம் குறைவு. கால் மணி நேரம் ஆகும். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர், பிரிண்டர் எதுவும் அசையாது. பென்டிரைவில் ஷார்ட்கட் மட்டும்தான் தொல்லை என்றால் ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைந்திருக்கும். மறைந்த ஃபைலை வெளியே காட்டும் அட்ரிப் (attrib) கமாண்டில் திரும்பி வரும். அதற்குப் போய் ஃபார்மட் அடிப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

ஸ்கேனில் இரண்டு சிக்கின. டிஃபெண்டரும் அணையாமல் நின்றது. முதலாளியிடம் சொன்னேன்.

"சுத்தமாயிருச்சா?"

"ரெண்டு புடிச்சுதுங்க."

"மூணாவது இருந்தா? பழைய கொலுசை உரசிப் பாத்தா வெல போடறோம்? உருக்கித்தானப்பா டச் பாக்கறோம், வெள்ளி எவ்வளவு சுத்தம்னு."

நான் ஃபார்மட் பக்கம் சாய்ந்தது அங்கேதான். கடையின் நெட் பேங்கிங் அந்த ஒரே கம்ப்யூட்டரில். வெள்ளி வாங்கப் போகும் பணம் அத்தனையும் அதன் வழியாகத்தான். ஸ்கேனில் எதுவும் இல்லை என்று வந்தால், அதற்குத் தெரிந்தது எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டைத் திருடும் ரகம் ஒன்று உண்டு. அதை அழித்தாலும் ஏற்கெனவே போனது போனதுதான். வெறும் டேலியும் லெட்டரும் அடிக்கும் கம்ப்யூட்டராக இருந்தால் நான் ஸ்கேனோடு நிறுத்தியிருப்பேன். பேங்க் பாஸ்வேர்டு அடிக்கும்போதெல்லாம் விரல் தயங்குகிற கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன வேலை பார்ப்பது?

ஃபார்மட்டில் பாடு அதிகம், ஒரு முழு நாள் போச்சு. துடைக்கும் முன் டேலி லைசென்ஸை சரண்டர் செய்வது, அதாவது அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து விடுவிப்பது நல்லது, இல்லாவிட்டால் மறுபடி ஆக்டிவேட் செய்யும்போது தகராறு வரலாம். அதற்கு நெட் வேண்டும். ஸ்கேன் முடித்த பிறகே கேபிளைச் செருகினேன். ஆக ஸ்கேனும் வீண் இல்லை. பேக்கப்பில் டேலி டேட்டா, எக்செல், பிடிஎஃப், லெட்டர்கள் மட்டும் எடுத்தேன். பழைய செட்டப் ஃபைல் ஒன்றைக்கூட எடுக்கவில்லை, வைரஸைக் கையோடு கூட்டி வருவது அதுதான். விண்டோஸிலேயே 'ரீசெட்' வசதியும் இருக்கிறது. ஆனால் நான் வேறு கம்ப்யூட்டரில் செய்த யுஎஸ்பியிலிருந்துதான் போட்டேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 உடன் சப்போர்ட் முடிந்துவிட்டதால், எப்படியும் துடைக்கிறோமே என்று 11க்கே போய்விட்டேன். பாஸ்வேர்டுகளை எல்லாம் போனிலிருந்து மாற்றினேன். ஸ்கேனோ ஃபார்மட்டோ, இது தப்பாது.

டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்கு டிரைவர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு டிரைவர் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டது கூடப் பெரிதில்லை. பழைய லெட்டர்கள் அத்தனையும் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டில் அடித்தவை, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் தெரியாது. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. வைரஸ் போகவே இல்லை என்று முதலாளி நம்பிவிட்டார். ஃபான்டைப் போட்ட பிறகுதான் முகம் தெளிந்தது.

இதெல்லாம் ஒரே கம்ப்யூட்டர் ஓடும் கடைக்கு. பத்து கம்ப்யூட்டரை ஒரே நெட்வொர்க்கில் இணைத்து ஓட்டும் ஆபீசில் நான் வேலை பார்த்ததில்லை. 2017 வான்னாக்ரை வைரஸ் மாதிரி நெட்வொர்க் வழியே தாவும் ரகம் என்றால் ஒன்றை மட்டும் துடைத்துப் பயனில்லை, ஆளைக் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்.

3பி 19 ராத்திரியே போட்டாயிற்று. அச்சகத்துக்கு இப்போது டிசைனை வாட்ஸ்அப்பில் பிடிஎஃபாக அனுப்புகிறோம். அந்தப் பென்டிரைவ் மேஜை டிராயரில் கிடக்கிறது, அதை மட்டும் இன்னும் ஃபார்மட் அடிக்கவில்லை.