ஒரு கோட்டை ஏழு மரக்கால்

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் கையோடு சர்க்கார் ஆபீஸ் வேலையையும் முடித்துவிடலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். சிங்கப்பூரில் கெஞ்சி வாங்கிய பதினெட்டு நாள் லீவில் முதல் ஐந்து நாள் கரும்பு கடிப்பதிலும் பூட்டிய கதவைப் பார்ப்பதிலும் போயிற்று.

காரியம் இதுதான். வீரவநல்லூர் பக்கம் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல் ஒன்று, பூட்டன் வாங்கியது. அவருக்கு இரண்டு மகன்கள், பெரிய தாத்தாவும் என் தாத்தாவும். பூவரசு நிற்கும் வரப்புக்கு வடக்கே அவர்கள் பாதி, தெற்கே எங்கள் பாதி என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அப்பா வேலைக்காகத் தூத்துக்குடி போனபின் பெரியப்பாதான் இரண்டையும் பயிர் செய்கிறார். கார், பிசானம் இரண்டு பூவுக்கும், அதாவது இரண்டு போகத்துக்கும், நெல் அளந்துவிடுவார். சண்டை ஒன்றும் கிடையாது. அப்பா போனபிறகு பெயர் மாற்றலாம் என்று நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவை இணையத்தில் திறந்தேன். முழு வயலும் பெரிய தாத்தா பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் 1975-இலிருந்து இன்றுவரை ஒரு பதிவும் இல்லை.

"வில்லங்கம் இல்லேன்னா நல்லதுதானப்பா" என்றார் பெரியப்பா.

நல்லதுதான். ஆனால் அத்தனை வருடமாக யாரும் அந்த வயலை வைத்துப் பத்திரம் பதியவில்லை என்பதைத் தவிர அந்தக் காகிதம் எதையும் சொல்லவில்லை. பட்டா கதை வேறு. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்ற நிலப்பதிவேடு புதுப்பிக்கும் வேலையில்தான் ஏக்கரும் சென்டும் போய் ஹெக்டேரும் ஏரும் வந்தன. அப்போது வீட்டுக்கு மூத்தவர் யாரோ அவர் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போன வயல்கள் தாமிரபரணிக் கரை நெடுக உண்டு. இன்று கணினி காட்டுவது அந்தப் பதிவின் வாரிசைத்தான். அதற்கு முந்தையதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் காகிதத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆச்சியின் மரப்பெட்டியில் ஒரே ஒரு பத்திரம் கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிசல். தமிழ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற நினைப்பு முதல் வரியிலேயே உடைந்தது. '௲௱௪௵ சித்திரை௴' என்று தொடங்கியது. சங்கிலி போட்டாற்போல எழுத்துக்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. புள்ளி ஒன்றுகூட இல்லை. நாலு வார்த்தைக்கு ஒரு '௸', மேற்படி என்பதன் சுருக்கக் குறி.

பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் இருக்கும் பத்திர எழுத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எழுபதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்து மடமடவென்று வாசித்தார். "கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூத்தி நாலு. இங்கிலீஷ் வருசமா மாத்த, தை முதல் ஆடி வரைன்னா எண்ணூத்தி இருபத்தஞ்சக் கூட்டணும். ஆவணி முதல் மார்கழின்னா இருபத்தி நாலு. இது சித்திரை, அப்போ 1929. கேட்டியளா தம்பி, இதுல ஒண்ணு தப்பினா நீங்க கேட்டு வாங்குத புஸ்தகமே வேறயாப் போயிரும்."

பரப்பு 'ஒரு கோட்டை ஏழு மரக்கால் விதைப்பாடு' என்று இருந்தது, அவ்வளவு விதைநெல் பிடிக்கும் நிலம் என்று அர்த்தம். கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால், ஆக இருபத்தெட்டு. அந்தப் பக்கத்து வழக்கப்படி மரக்காலுக்கு எட்டு சென்ட் போட்டார், 2 ஏக்கர் 24 சென்ட் வந்தது. சிட்டாவில் இருந்த 0.90.50 ஹெக்டேரை நான் போனில் மாற்றிப் பார்த்தேன், 2.236 ஏக்கர். ஏறத்தாழ அறுபது வருடம் தள்ளி எழுதிய இரண்டு கணக்குக்கும் அரை சென்ட்கூட வித்தியாசம் இல்லை. பூட்டன் வாங்கிய வயல் முழுதும் அப்படியே ஒரே பட்டாவில் ஏறியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வாசித்ததற்கு இருநூறு ரூபாய் கொடுத்தேன். நூறைத் திருப்பித் தந்துவிட்டார்.

அடுத்தது பதிவு அலுவலகம். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. 1975-க்கு முந்தையதைக் கையால்தான் தேட வேண்டியிருந்தது. முதல் நாள், "பார்ட்டிக்கு மட்டும்தான் காட்டுவோம்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் ஆள் இல்லை. வெளியே ஒரு புரோக்கர் பதினைந்தாயிரம் கேட்டார், பயமுறுத்துகிற குரலில். பத்திர எழுத்தர்தான் விஷயத்தை உடைத்தார். அசையாச் சொத்து ஏறுவது ஒன்றாம் புத்தகத்தில். பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி அதையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். மூன்றாம், நாலாம் புத்தகத்துக்குத்தான் கட்டுப்பாடு. மறுநாள் மனுவில் அந்தப் பிரிவு எண்ணை எழுதிக் கொடுத்தேன். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நாற்காலி போட்டார்கள்.

சர்வே எண்ணை வைத்துத் தேடியதில் ஒன்றும் அகப்படவில்லை. ஆட்கள் பெயர் அட்டவணைதான் கைகொடுத்தது. அதிலும் தாத்தா பெயரை ஒரு வருடம் ஒரு மாதிரி, அடுத்த வருடம் இன்னொரு மாதிரி எழுதியிருந்தார்கள். அவருடைய அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் 1951-இல் தாத்தா எழுதிக்கொடுத்த ஒத்திப் பத்திரம் ஒன்று வந்தது, நிலத்தை அனுபவிக்க விட்டுக் கடன் வாங்கும் அடமானம். தெற்குப் பாதிக்கு மட்டும். 'முன்சீப் கோர்ட்டு 1947ம் வருஷத்து ஒ.எஸ். நம்பரில் எனக்குத் தீர்ப்பான' என்று அதில் ஒரு வரி. ஒ.எஸ். என்றால் சிவில் கோர்ட் அசல் வழக்கு.

"கேஸா? நம்ம குடும்பத்துல கேஸே கிடையாதேப்பா" என்றார் பெரியப்பா. அவருக்கு அப்போது மூன்று வயது.

கோர்ட்டில் அந்த வழக்குக் கட்டைத் தேட ஒரு வக்கீலைப் பிடித்தேன். முதலில் இப்போது அது எந்த ஊரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டமாகப் போய்விட்டதால், பழைய வழக்கு என்றால் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் கட்டு இடம் மாறவில்லை. பிராது என்கிற வழக்கு மனுவும் சாட்சியமும் பாதுகாக்கும் கெடு முடிந்து எப்போதோ அழிந்துவிட்டன. வழக்குப் பதிவேடும் தீர்ப்பாணையும் மிஞ்சியிருந்தன. வழக்காடியவரின் பேரன் என்று அபிடவிட் போட்டு நகல் மனு கொடுத்தேன், ஒன்பது நாளில் கிடைத்தது. இந்த இடத்தில் மட்டும் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ரெக்கார்டு அறை ஊழியர் தூசியில் இருமிக்கொண்டே மூன்று கட்டு இறக்கினார்.

தாத்தா அண்ணன் மேல் பாகம் கேட்டுப் போட்ட வழக்கு அது. 1949-இல் ஆளுக்குச் சரிபாதி என்று முதல்நிலைத் தீர்ப்பாணை. அதோடு நின்றுவிட்டது. நிலத்தை அளந்து இது உனக்கு, இது எனக்கு என்று கோடு போடும் இறுதித் தீர்ப்பாணை இல்லவே இல்லை. வக்கீல் சிரித்தார். பாகப்பிரிவினை வழக்கில் இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாள் வாங்கிக் கொடுத்துத்தான் எழுதி வாங்க வேண்டும். அந்தச் செலவு வரும்போது பல குடும்பங்கள் தாமே சமாதானமாகிவிடும் என்றார். எங்கள் வீட்டுச் சமாதானம் பூவரசங்கன்று நட்ட வரப்பாக இருக்க வேண்டும். கோர்ட் போடாத கோட்டை அண்ணனும் தம்பியும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? இறுதித் தீர்ப்பாணைக்கு இன்றைக்கும் மனுப் போடலாம், பாகப்பிரிவினையில் அதற்குக் காலக்கெடு கிடையாது. ஆனால் எல்லா வாரிசும் ஒத்துப்போனால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்குவதுதான் லேசான வழி. "எதுக்கு இத்தனை பேர் கையெழுத்து? எங்க பாதியையும் நீயே வாங்கிக்கிடேன்" என்றார் பெரியப்பா. ஆசைதான். ஆனால் வெளிநாட்டில் குடியிருக்கும் என்போன்றவர்களுக்கு விவசாய நிலம் வாரிசாக வரலாம், விலைக்கு வாங்க முடியாது. அப்புறம், என் சார்பில் தம்பி கையெழுத்துப் போட நான் அங்கிருந்து பவர் அனுப்புவதானால், தூதரகத்தில் சான்று வாங்கி, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தெரிந்தவர் ஒருவர் இதைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வக்கீல் வம்சாவளி வரையச் சொன்னார். பூட்டன், இரண்டு மகன்கள், அப்பா, நான், தம்பி என்று அழகாகக் கிளை பிரித்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைகளே கிடையாதா உங்க வீட்டுல?" என்றார்.

மும்பையில் இருக்கும் அத்தையை நான் போடவே இல்லை. வேண்டுமென்று விடவில்லை, ஞாபகமே வரவில்லை. அன்று ராத்திரி போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எனக்கும் உண்டுல்லா?"

"உண்டு அத்தை."

"அந்தத் தீர்ப்ப போட்டோ எடுத்து அனுப்பு. அப்பா கையெழுத்து இருக்கா அதுல?"

தீர்ப்பில் இல்லை. 1951 ஒத்திப் பத்திர நகலிலும் எழுத்தர் பார்த்து எழுதிய பெயர்தான். அதைச் சொன்னேன். பரவாயில்லை, எதுவானாலும் அனுப்பு என்றாள். மார்ச்சில் பத்திரம் பதிய வருகிறாள், டிக்கெட் நான்தான் போட்டிருக்கிறேன்.