மொட்டு ஈஸ்டா, பிளவு ஈஸ்டா?

டிஎன்ஏ அடிபட்டால் செல் என்ன செய்யும் என்று பார்க்க இரண்டு ஈஸ்டுகள் உண்டு.

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் மொட்டு ஈஸ்டில், செல் பிரிவதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மொட்டின் அளவே சொல்லிவிடும். மொட்டு தாயளவுக்கு வீங்கி அப்படியே நின்றால், எங்கோ மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். 1988-இல் ஆய்வாளர்கள் டெட் வெய்னெர்ட்டும் லேலண்ட் ஹார்ட்வெல்லும் இதில்தான் 'ராட்9' மரபணுவின் வேலையைக் காட்டினார்கள். எக்ஸ்-கதிர் பட்ட சாதாரண செல் பிரிவை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கிறது. ராட்9 இல்லாதது நிற்காமல் பிரிந்து சாகிறது. அதையே மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் பிழைப்பவை கூடுகின்றன. பழுது பார்க்கத் தெரியாமல் இல்லை, பிரேக்தான் இல்லை! எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

பிளவு ஈஸ்ட் ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரிலிருந்து வந்தது. அதன் பெயரிலுள்ள 'பொம்பே' சுவாஹிலியில் பீர்தான். குச்சி போன்ற செல், சுமார் 14 மைக்ரோமீட்டர் நீண்டதும் நடுவில் பிளக்கும். குட்டையாகவே பிளந்தவற்றுக்கு ஆய்வாளர் பால் நர்ஸ் எடின்பரோவில் வைத்த பெயர் 'வீ'. ஸ்காட்லாந்துப் பேச்சில் 'சின்ன' என்று பொருள்.

குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமென்றால் பிளவு ஈஸ்ட். மொத்தமே 3, மற்றதில் 16. அவசரக்காரர்களுக்கு மொட்டு ஈஸ்ட்தான் சரி: சுமார் 90 நிமிடத்தில் ஒரு பிரிவுச் சுற்று முடிந்துவிடும்.