ஜிப்ஸியின் டைமிங் பெல்ட்: ஒரு பல் தள்ளி ஓடிய நான்கு மாதமும், சரியாக ஓடிய ஐந்து வருடமும்

என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். 1298 சிசி, எட்டு வால்வு, கார்புரேட்டர். அமெரிக்காவில் சாமுராய் என்று விற்ற வண்டியிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். வீடு கோத்தகிரியில். வாரத்துக்கு இரண்டு முறையாவது மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். சுமார் 33 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டிய பாதை. அதனால் இந்த இன்ஜின் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை எனக்கு அந்த ஏற்றம்தான் சொல்லும்.

2018 கடைசியில் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. இன்ஜினை இறக்கி, சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். வால்வு கிரைண்டிங், பேரிங், ஆயில் சீல்கள், வாட்டர் பம்ப் எல்லாம் முடிந்தன. டைமிங் பெல்ட்டும் (பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் பல் பெல்ட்) அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் புதிது. ஒர்க்‌ஷாப் பெயரைச் சொல்லப் போவதில்லை. லேத் வேலையில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. தவறு நடந்தது பெல்ட் மாட்டிய அந்த அரை மணி நேரத்தில்தான்.

வண்டி கைக்கு வந்தபோது ஐட்லிங் அவ்வளவு அழகாக இருந்தது. சமதளத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் குஞ்சப்பனை தாண்டி, முன்பு மூன்றாவது கியரிலேயே ஏறிய வளைவுகளில் இப்போது இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, இழுவை வரவில்லை. “புது பிஸ்டன் சார், ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், லூசாகிடும்” என்றார்கள். ஓட்டினேன். மூவாயிரமும் ஆயிற்று. மைலேஜ் ஒன்பதைத் தாண்டவே இல்லை.

மேட்டுப்பாளையத்தில் பழைய ஜீப்புகளில் கை பழகிய ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவர் முதலில் எடுத்தது சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் கேஜ். நான்கு சிலிண்டரிலும் 130 பிஎஸ்ஐ-யை ஒட்டியே, குறைவாகக் காட்டியது. (மலை மேல் காற்று அடர்த்தி குறைவு, அங்கே பார்த்தால் அளவு இன்னும் இறங்கித்தான் காட்டும். கீழே பார்ப்பதுதான் சரி.) ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் வால்வு, ரிங் என்று தேடலாம். புது ரிங் போட்ட இன்ஜினில் நான்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் முதல் சந்தேகம் கேம் டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) மேல்தான் போக வேண்டும் என்றார். கவரைக் கழற்றி, கிராங்க் புல்லியின் புள்ளியை ஆயில் பம்ப் மேலுள்ள அம்புக்குறிக்கு நேராக வைத்தார். மேலே கேம் புல்லியின் மார்க் வெட்டுக்கு நேராக நிற்காமல் சரியாக ஒரு பல் பின்தங்கி நின்றது.

இது நான்கு மாதம் எப்படி மறைந்திருந்தது என்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியமான பாடம். இந்த இன்ஜினில் ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது கேம் ஷாஃப்டில் இருந்து. கேம் ஒரு பல் தள்ளினால், கிராங்க் கணக்கில் அது பதினைந்து இருபது டிகிரி. அதே அளவு ஸ்பார்க்கும் தள்ளிப்போகும். ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் முக்கியிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் டைமிங் லைட்டைப் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஸ்பார்க்கைச் சரிக்கட்டிவிட்டார்கள். ஸ்பார்க் சரியானதும் ஐட்லிங்கும் சரியாகிவிட்டது. ஆனால் வால்வுகள் அதே தாமதத்தோடுதான் திறந்து மூடின. இன்டேக் வால்வு தாமதமாக மூடினால், குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிவிடும். அதுதான் கேஜில் தெரிந்த குறைவு, ஏற்றத்தில் இல்லாத இழுவை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கடைசிவரை ஒரு பக்கமாகத் தள்ளித்தான் டைமிங் நிற்கிறது என்றால், ஸ்பார்க்கை விட்டுவிட்டு பெல்ட் மார்க்கைப் பாருங்கள்.

மறுபடி மாட்டும்போது நானும் கூடவே இருந்தேன். அண்ணன் முதலில் செய்தது, வால்வு இடைவெளியைச் செட் செய்யும் எட்டு டேப்பட் ஸ்க்ரூவையும் நன்றாக லூஸ் செய்ததுதான். எதற்கு என்று கேட்டேன். வால்வு ஸ்ப்ரிங் ராக்கர் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை) வழியாக கேமைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கேம் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் உருளப் பார்க்கும், அப்போது டென்ஷனர் ஸ்ப்ரிங்கால் பெல்ட்டின் உண்மையான தளர்வை எடுக்க முடியாது என்றார். கேம் விரலால் சுற்றும் அளவுக்கு லேசானதும் இரண்டு மார்க்கையும் நேராக வைத்து, டென்ஷனர் இல்லாத பக்கம் துளி தளர்வும் இல்லாமல் பெல்ட்டைப் போட்டார். டென்ஷனர் போல்ட்டை முறுக்காமல், ஸ்ப்ரிங் தானாக இழுக்கும்படி விட்டார். அப்புறம் கிராங்கைக் கையால், இன்ஜின் சுற்றும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று. கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும், மார்க் மறுபடி சேரும். சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் டென்ஷனரை டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார். பிறகு இன்னும் இரண்டு சுற்று, மறுபடி மார்க்.

டேப்பட்டை லூஸ் செய்துவிட்டால் கடைசியில் எட்டையும் ஃபீலர் கேஜ் வைத்து செட் செய்ய வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பல பேர் இந்த வேலையையே விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். பெல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் நார் ஒடிந்தால் வெளியில் தெரியாது.

இன்னொன்று கிராங்க் புல்லியின் நடு போல்ட். இந்த இன்ஜின் குடும்பத்துக்கே உள்ள பலவீனம் இது. போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் புல்லி, அதைக் கிராங்கில் பூட்டியிருக்கும் சாவி என்ற சிறு துண்டின் மேல் ஆட ஆரம்பித்து, சாவிக் காடியைத் தின்றுவிடும். அப்போது மார்க்குகள் நேராக இருந்தும் டைமிங் தள்ளியிருக்கும், ஏனென்றால் புல்லியே கிராங்கில் தன் இடத்தில் இல்லை. கிராங்க் ஷாஃப்டே வீணாகும் அளவுக்குப் போகும். என் வண்டியில் அந்த போல்ட் எதிர்பார்த்ததைவிட லேசாகத்தான் கழன்றது. நல்லவேளையாகக் காடி சேதமாகவில்லை. மரையைச் சுத்தம் செய்து, த்ரெட் லாக் போட்டு, மேனுவல் அளவுக்கு முறுக்கினோம்.

கம்ப்ரஷன் மறுபடி பார்த்தபோது நான்கும் 165-க்கு மேல். அன்று மாலையே ஏறினேன். குஞ்சப்பனை தாண்டிய முதல் பெரிய வளைவில் மூன்றாவது கியரிலேயே வண்டி எழுந்து வந்தபோது என்னை அறியாமல் “வாடா” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அந்த மாதமே மைலேஜ் பன்னிரண்டைத் தொட்டது.

அதன் பிறகு 2019 முதல் 2024 வரை 52,000 கிலோமீட்டர். இடையில் வழக்கமாகச் செய்ததெல்லாம் இன்ஜின் ஆயில் மாற்றும்போது மேல் கவரைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்ததுதான். நான் தேடுவது விரிசலைவிட ஆயில் கசிவைத்தான். கேம் சீலோ கிராங்க் சீலோ கசிந்தால் பெல்ட்டின் ரப்பர் ஊறிப்போகும், அப்புறம் கிலோமீட்டர் கணக்குக்கு அர்த்தமே இல்லை. மூன்றாம் வருடம் கேம் சீல் பக்கம் லேசான ஈரம் தெரிந்தது. அந்த ஆயில் பெல்ட்டைத் தொடுவதற்கு முன்பே சீலை மாற்றிவிட்டேன்.

2024 மே மாதம் குளிர்ந்த இன்ஜினில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி மெல்லிய கரகர சத்தம் கேட்டது. டென்ஷனர் பேரிங். பெல்ட்டின் பற்கள் நன்றாகத்தான் இருந்தன, முதுகில் மட்டும் மினுமினுப்பு ஏறியிருந்தது. இன்னும் ஓடியிருக்கலாம். ஆனால் அதைத் திறக்கும் வேலையை இரண்டு முறை செய்ய மனமில்லை. பெல்ட், டென்ஷனர், ஸ்ப்ரிங், இரண்டு சீல் எல்லாம் மாற்றினோம். நடு போல்ட் இந்த முறை நீளமான பாருக்குத்தான் அசைந்தது. எட்டு டேப்பட்டையும் நானே லூஸ் செய்து, நானே செட் செய்தேன். கிராங்கைச் சுற்றி மார்க் பார்க்கும் வேலையை மட்டும் அண்ணன் விட்டுத்தரவில்லை.