முயல் துவக்குக்கு எந்த மருந்து, எந்தச் சன்னம்?

செட்டியார்தெருவில் முப்பது வருடம் பவுண் நிறுத்தவன் நான். விக்டோரியாவில் இருக்கும் அக்காவின் மகன் "மாமா, வரேக்க உங்கட சின்னத் தராசையும் கொண்டு வாங்கோ" என்றபோது, மகளுக்குச் சங்கிலி ஏதோ செய்விக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் கராஜில் ஒரு மேசை, அதில் முடுக்கிய ஒரு கைப்பிடி அச்சு, பிஸ்கட் டின்களில் வெற்றுக் கோதுகள். சுட்ட கோதுக்கு, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாக அடித்து, வெடிமருந்து நிரப்பி, சன்னம் இறுக்கித் திரும்ப ரவையாக்குகிறான். துவக்கு .223 ரெமிங்டன். குறி முயலும் நரியும். 1859இல் தோமஸ் ஒஸ்ரின் என்ற பண்ணைக்காரர் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட முயல்களின் பேரன் பூட்டன்களை அந்த ஊர் இன்றும் சுட்டுக்கொண்டிருக்கிறது.

வெள்ளவத்தைக்குத் திரும்பியபின், மெரீன் டிரைவில் மாலை நடக்க வருபவர்களில் இரண்டு பேர் இதே கதையைக் கேட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் அங்கேதான். அதனால் எழுதுகிறேன். கொழும்பில் இருந்துகொண்டு இதைச் செய்து பார்க்கும் எண்ணம் எவருக்கும் வரவேண்டாம். 1916இன் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956இன் வெடிபொருள் சட்டமும் இங்கே இருக்கின்றன. என் பயணப்பெட்டியில் தராசு போனது, தராசு மட்டுமே திரும்பி வந்தது.

மருந்தில் இரண்டு இனம்தான் எங்கள் மேசைக்கு வந்தது. ஒன்று உருண்டை மருந்து. கசகசாவைக் கொஞ்சம் நசுக்கியதுபோல இருக்கும். மற்றது குச்சி மருந்து, பென்சில் முனையை நறுக்கிப் போட்டதுபோல.

எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்தது உருண்டைதான். அளவுக் கருவியின் பிடியை ஏற்றி இறக்கினால் தண்ணீர்போல ஓடி விழும். பத்து முறை விழுத்திப் பத்தையும் என் தராசில் நிறுத்தேன். இந்த உலகத்தில் எல்லாம் கிரெயின் கணக்கு. ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். பத்தும் ஒரு கிரெயினின் பத்திலொரு பங்குக்குள் நின்றன. குச்சி மருந்து அப்படியில்லை. குச்சி குறுக்கே மாட்டும், பிடி "கறுக்" என்று அதை வெட்டும், ஒன்று குறையும், அடுத்தது கூடும். ஆகவே குச்சியை ஒவ்வொன்றாகக் கையால் நிறுக்க உட்கார்ந்தேன், கடையில் கல் பதிக்கமுன் நிறுப்பதுபோல.

"மாமா, நீங்க பவுண் நிறுக்கிற மாதிரி நிறுக்கிறியள். முயலுக்கு அது விளங்குமோ?" என்றான்.

விளங்காது என்று அடுத்த நாள் எனக்கே விளங்கியது. காலையில் 100 மீற்றரில் இரண்டையும் சுட்டோம். கடதாசியில் கருவி விழுத்திய உருண்டையின் துளைகள் ஒரு கூட்டம், நான் கண் வலிக்க நிறுத்த குச்சி இன்னொரு கூட்டம். இரண்டையும் தனித்தனியே ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியால் மூடலாம். என் இரண்டு மணித்தியாலப் பாடு கடதாசியில் எங்கும் தெரியவில்லை.

வித்தியாசம் தெரிந்தது பின்னேரம். தை மாத வெயில், அங்கே அது கோடை. மீதி ரவைகளை வாகனத்தின் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். தவறு எங்களுடையது. திரும்பி வந்து உருண்டை மருந்து ரவை இரண்டைச் சுட்டான். கோதை வெளியே இழுக்கும் போல்ட்டின் பிடி இலேசில் மேலே எழும்பவில்லை, உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தது. வெளியே வந்த கோதைத் திருப்பிப் பார்த்தால் பிரைமரின் வட்ட ஓரம் தேய்ந்த முத்திரைபோலத் தட்டையாகக் கிடந்தது. அமுக்கம் மிஞ்சியதற்கு அதுதான் அடையாளம். சன்னங்களும் காலையில் விழுந்த இடத்துக்கு மேலே விழுந்திருந்தன. அதோடு நிறுத்தி, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சன்னம் கழற்றினோம். அதே கண்ணாடிக்குக் கீழே அதேயளவு நேரம் கிடந்த குச்சி மருந்து ரவைகள் காலைக் கூட்டத்திலேயே போய் விழுந்தன.

உருண்டை எல்லாமே வெயிலுக்குப் பயந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் பொதுவில் சூட்டுக்கு அதிகம் அசைவது அந்த இனம்தான். உருண்டை மருந்தின் மேலே எரிவதைத் தாமதப்படுத்தும் பூச்சு இருக்கும். அதனால் பற்றவைக்க வலுவான பிரைமர் கேட்பது உண்டு, குழலிலும் கரி கூடுதலாகப் படியும். அவுஸ்திரேலியாவில் முல்வாலா ஆலையில் செய்யும் குச்சி வகைகள் சூடு குளிருக்கு அதிகம் அசையாதபடி வடிவமைக்கப்பட்டவை. அங்கே ஏஆர்2208 என்று விற்பதையே அமெரிக்காவில் வார்கெட் என்ற பெயரில் வாங்குகிறார்கள். ஏஆர்2206எச் என்பது அமெரிக்காவில் எச்4895. ஆனால் ஐஎம்ஆர் 4895 என்று இன்னொன்றும் உண்டு, அது வேறு மருந்து. எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டவன் கையைத்தான் இழப்பான். எத்தனை கிரெயின் போடுவது என்று நான் இங்கே எழுதாததும் அதனால்தான். மருந்து செய்தவரின் அட்டவணையைத் திறந்து, அதிலுள்ள ஆகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்ணில் அல்ல.

குளிர்ந்த இரவில் நரிக்குப் போகிறவனும், நாற்பது பாகை வெயிலில் முயலுக்குப் போகிறவனும் ஒரே ஆள் என்றால் குச்சிதான். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளுகிறவனுக்கு, வேகமாக நிரப்புவதுதான் முக்கியம் என்றால், ரவையை நிழலில் வைக்கும் புத்தியும் இருந்தால், உருண்டை. கொழும்புபோல மார்கழிக்கும் ஆனிக்கும் வித்தியாசம் தெரியாத ஊராக இருந்தால் என் மனம் உருண்டைப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

குச்சிக்குள்ளும் ஒரு தெரிவு இருக்கிறது. 2208 இந்தச் சின்னக் கோதில் இலேசான சன்னத்துக்குக் கொஞ்சம் மந்தமாக எரியும். கோது கழுத்துவரை நிரம்பி, சன்னம் இறுக்கும்போது மருந்து நெரியும். 50 முதல் 55 கிரெயின் சன்னத்துக்கு பெஞ்ச்மார்க் வகை பொருந்துகிறது. அதன் குச்சி குட்டை, ஆகவே கருவியிலும் அவ்வளவு மாட்டாது. மருமகன் கடைசியில் அதற்கே மாறினான்.

இனிச் சன்னம். 55 கிரெயின் என்றால் மூன்றரை கிராம் சொச்சம், அரைப் பவுணுக்கும் குறைவு. முழுதாகச் செப்பு மூடிய இராணுவ வகை மலிவு, ஆனால் முயலுக்கு ஆகாது. உடையாமல் ஊடுருவிப் போகும், கல்லில் பட்டால் தெறித்து எங்கோ பறக்கும். பக்கத்துக் காணியில் மாடு மேய்கிறது. ஆகவே மெல்லிய செப்பு உறையும் பிளாஸ்டிக் முனையும் கொண்டவைதான் போட்டியில் நின்றன.

ஹோர்னடி கம்பனியின் வி-மக்ஸ் சன்னத்தில் 53 கிரெயினையும் 55 கிரெயினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாரம் கூடியதுதான் காற்றை நன்றாக வெட்டும் என்று எவரும் சொல்வார்கள். இங்கே தலைகீழ். காற்றை வெட்டும் திறனுக்குக் கம்பனி கொடுக்கும் எண் 53க்கு .290, 55க்கு .255. காரணம் வடிவம். 53 நீளமாய், வாளிப்பாய் இருக்கிறது. அந்தத் திறந்த வெளிகளில் காற்று ஓயாது, 200 மீற்றர் தாண்டினால் இந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் நீளத்துக்கு ஒரு விலை உண்டு. சன்னத்தைச் சுழற்றி நேராக நிறுத்துவது குழலின் முறுக்கு, அதாவது குழலுக்குள் சுருளாக வெட்டிய வரி. நீளமான சன்னத்துக்கு இறுக்கமான முறுக்கு வேண்டும். மருமகனின் குழல் 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. செக்கனுக்கு 3200 அடி வேகத்தில் வெளியேறும் சன்னம் நிமிடத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் சுழல்கிறது. கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்து இரண்டு தரம் சரிபார்த்தேன், நம்பமுடியவில்லை. 69 கிரெயின் சன்னத்தையும் இந்தக் குழல் தாங்கும், ஆனால் கடதாசியில் அழகாக விழும் அந்தப் போட்டி வகை முயலுக்குத் தேவையில்லை. முறுக்கு 7 அங்குலமாக இருந்திருந்தால் மிக மெல்லிய உறைச் சன்னங்கள் பறக்கும்போதே சிதறிவிடும் ஆபத்து உண்டு.

என் தீர்ப்பு அந்தக் குழலுக்கு 53தான், குட்டைக் குச்சி மருந்தோடு. கருவியால் விழுத்தினால் போதும், தராசு பத்துக்கு ஒன்றைச் சரிபார்க்க மட்டும்.

பக்கத்துக் காணிக்காரரிடம் பழைய .222 துவக்கு ஒன்று இருக்கிறது. முறுக்கு 14 அங்குலம். 53ஐ அதில் போடலாமா என்று அவர் கேட்டார். நீளச் சன்னத்தை அந்தத் தளர்ந்த முறுக்கில் நம்பமுடியாது, அடி தட்டையான குட்டை 50ஓடு நில்லுங்கோ என்றேன். அவர் சிரித்துவிட்டு ஐந்து சுட்டார். இரண்டு சன்னம் கடதாசியில் வட்டத் துளை போடவில்லை. பக்கவாட்டாகப் போய்ச் சாவித் துவாரம்போலக் கிழித்திருந்தன.